கழிவுநீரை அளந்தறிதல்

எமது கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் தமது விழா மலருக்கு யாமும் ஒரு கட்டுரை வரைந்து தரல் வேண்டுமெனப் பணித்தபோது, தமிழாசிரியர் எழுதுவது சங்கப் பாடல் நயமாகவோ நாவலர் பெருமானின் வசனநடையாகவோ இருக்குமென்றே எதிர்பார்த்திருப்பர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ கழிவுநீர். நகரங்களின் அடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய்களை நுண்கருவிகளாலும் கணினியாலும் கண்காணித்து ஆளும் புதுமுறை இப்போது உலகிற் பரவி வருகின்றது. அதனால் வரும் நன்மை எது, அது தானாகத் தரமாட்டாத நன்மை எது என்பதுபற்றி எமக்குத் தோன்றியவற்றை ஈண்டு எழுதுகின்றோம். விழா மலரிலே இதனைப் பேசலாமோ என்று முகஞ்சுளிப்பார் உளராயின், அவர்க்கு ஒன்று கூறுவோம். நம் முன்னோர் இப்பொருளைப் பேச நாணியவரல்லர். நிலத்தின்கீழ் நீர் செல்லும் வழியைச் ‘சுருங்கை’ என்றனர். நீர் கழியும் துளையைத் ‘தூம்பு’ என்றனர். வீட்டுக் கழிவுநீர் விழுமிடத்தை ‘அங்கணம்’ என்றனர். மணிமேகலை ஆசிரியர் ஒரு மாநகரின் அகழியை வருணிக்கும்போது அதனுள் வந்து விழும் சுருங்கை நீரையும் சொல்லத் தவறவில்லை. வள்ளுவரும் அங்கணத்தை உவமையாக எடுத்தாண்டார். அவர்கள் வகுத்த வரம்புக்குள்ளேயே யாமும் நிற்கின்றோம்.

கழிவுநீர்க் குழாயின் முதற் சங்கடம் யாதெனின், அது கண்ணுக்குத் தெரியாமையேயாம். தெரு பழுதானால் நடப்பவன் காண்பான். பாலம் வெடித்தால் வண்டியோட்டி காண்பான். நிலத்தின்கீழ் ஒரு குழாய் அடைபட்டால், அந்நீர் யாரேனும் ஒருவர் வீட்டு முற்றத்திற் பொங்கி வழியும்வரை எவரும் அறியார். 1858ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டன் மாநகரிலே தேம்ஸ் நதி நாறியபோது, நதிக்கரையிலிருந்த பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டில் தோய்த்துத் தொங்கவிட்டனர். நாற்றம் தம் மூக்கை எட்டிய பின்னரே உறுப்பினர் பெருமக்கள் பணத்துக்கு வழி செய்தனர். யோசேப்பு பசல்கெற் என்னும் பொறியியலாளர் அதனைக்கொண்டு கட்டுவித்த செங்கற் சுருங்கைகள் இன்றும் அந்நகரிற் பயன்படுகின்றன. தம் காலத்துத் தேவைக்கு மிஞ்சிய அகலத்தில் அவர் அவற்றைக் கட்டுவித்தார். உள்ளே என்ன நடக்கின்றதென்று பார்க்க இயலாத காலத்தில், பெரிதாகக் கட்டுவதே காவலாயிருந்தது.

அக்காலத்து ஏற்பாட்டில் வேறொரு வினையும் ஒளிந்திருந்தது. மேலைத்தேயத்துப் பழைய நகரங்கள் பலவற்றில் மழைநீரும் மலசலகூட நீரும் ஒரே குழாயிற் சென்றன. வெயிற்காலத்தில் அக்குழாய் முழுவதையும் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு சேர்க்கும். பெருமழை பெய்தால் நீர் பன்மடங்காகும். மிகுதி நீர் வீடுகளுக்குள் எதிர்த்தேறாதிருக்கும் பொருட்டு, அது ஆற்றுக்குள் வழிந்தோட வாயில்கள் வைத்தனர். ஆகவே மழை பெய்யுந்தோறும் மலங்கலந்த நீர் ஆற்றில் விழலாயிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாத்திரம் ஏறக்குறைய 700 நகரங்கள் இத்தகைய கலப்புக் குழாய்களை உடையன. இதற்குப் பரிகாரமாக மழைநீருக்குத் தனிக் குழாய் இடலாம். அல்லது மிகுதி நீரைத் தேக்கிவைக்கும் பெருஞ்சுரங்கம் அகழலாம். இலண்டன் மாநகர் தேம்ஸ் நதியின் கீழ் 25 கிலோமீற்றர் நீளச் சுரங்கமொன்றை அகழ்ந்து, 2025ஆம் ஆண்டில் எல்லா வாயில்களையும் அதனோடு இணைத்து முடித்தது. செலவு 400 கோடி பவுணுக்கு மேல். இலண்டன் கொடுக்கும். சிறிய ஊர் என் செய்யும்?

அவ்வாறு திகைத்து நின்ற ஊர்களுள் ஒன்று சவுத் பெண்ட். இந்தியானா மாநிலத்தில் சென்ற் யோசேப்பு ஆற்றங்கரையில் ஏறக்குறைய ஓரிலட்சம் மக்கள் வாழும் நகர் அது. எமது பழைய மாணவருள் மூத்தோர் ஸ்ரூடிபேக்கர் மோட்டார் வண்டியைக் கண்டிருப்பர். அவ்வண்டி பிறந்த ஊர் அதுவே. 1963ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அத்தொழிற்சாலை அங்கு மூடப்பட்டது. தொழில் போயிற்று, மக்கட்டொகை குறைந்தது, பழைய குழாய்கள் மாத்திரம் அப்படியே கிடந்தன. மழைக்காலத்தில் ஆற்றிற் கழிவுநீர் விழுவதைத் தடுக்கவேண்டுமென்று மத்திய அரசாங்கம் நெருக்கியது. 2011ஆம் ஆண்டின் இறுதியில் நகரம் அரசாங்கத்தோடு ஓர் உடன்படிக்கைக்கு வந்தபோது, வேலைகளுக்கு 50 கோடி டொலருக்கு மேற் செலவாகுமென்று மதிப்பிட்டனர். ஆளொன்றுக்கு ஐயாயிரம் டொலர். கைக்குழந்தையையும் சேர்த்தே சொல்கின்றோம்.

இந்நெருக்கடிக்கு முன்பே அந்நகரத்தார் வேறொரு காரியந் தொடங்கியிருந்தனர். நோற்றர் டேம் பல்கலைக்கழகம் அவ்வூரின் பக்கத்திலேயே உள்ளது. அங்குள்ள ஆய்வாளரோடு கூடி, 2008ஆம் ஆண்டு தொடக்கம் நூற்றுக்கு மேற்பட்ட உணரிகளைக் குழாய்களின் ஆளிறங்கு குழிகளில் பொருத்தினர். உணரி என்பது நீரின் மட்டத்தையும் ஓட்டத்தையும் தானே அறிந்து அறிவிக்கும் சிறு கருவி. (இச்சொல்லை ஆக்கியவர் யாரோ அறியோம், உணர்தல் என்னும் வினையடியாகப் பிறந்த நல்ல தமிழ்ச் சொல்.) உணரிகளிற் சில குழியின் மேற்பக்கத்திலிருந்து கீழ்நோக்கி ஒலியலையை ஏவும், அது நீரிற் பட்டு மீண்டுவரும் நேரத்தைக் கொண்டு நீர் எவ்வளவு உயர்ந்துள்ளதென்று கணிக்கும். வௌவால் இருளிற் பறப்பதும் இவ்வுபாயத்தாலேயே. வேறு சில குழாயின் அடியிற் கிடந்து, தம்மீதுள்ள நீரின் அமுக்கத்தைக்கொண்டு ஆழத்தை அறியும். அறிந்ததைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வானலை மூலம் ஒரு கணினிக்கு அனுப்பும். நகரசபை அலுவலகத்தில் இருப்பவர், ஊரின் அடியில் எந்தக் குழாயில் எவ்வளவு நீர் நிற்கின்றதென்பதைத் திரையிற் காண்பர். நூறாண்டுக்கு மேலாக இருளிற் கிடந்தது அப்போதுதான் வெளிச்சமாயிற்று.

வெளிச்சமானபோது கண்டது யாது? முதலாவதாக, மழையே இல்லாத நாட்களிலும் சில வாயில்கள் வழிந்துகொண்டிருந்தன. குழாயில் அடைப்பு ஏற்பட்டு, நீர் போக வழியின்றி ஆற்றுக்குட் சென்றது. நீர்மட்டம் காரணமின்றி ஏறுவதை உணரி அறிவித்தவுடன் பணியாளர் சென்று அடைப்பை நீக்கினர். அவ்வகை வழிதல் ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. இதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டியதில்லை. எங்கே போகவேண்டுமென்று தெரிந்தமையே போதுமாயிருந்தது. இரண்டாவதாகக் கண்டது இன்னும் வியப்புக்குரியது. பெருமழையில் ஒரு குழாய் நிரம்பி ஆற்றில் வழிந்துகொண்டிருக்கும் அதே வேளையில், ஊரின் வேறொரு பகுதிக் குழாயில் இடம் மிஞ்சிக் கிடந்தது. மழை ஊர் முழுவதும் ஒரே அளவிற் பெய்வதில்லையன்றோ! ஆகவே 2012ஆம் ஆண்டில், தாமாகத் திறந்து மூடும் கதவுகளைச் சில இடங்களிற் பொருத்தி, அவற்றைக் கணினியோடு இணைத்தனர்.

அக்கதவுகளை ஆளும் முறை, சந்தையில் ஏலங்கூறுதல் போன்றது. பல கிளைக்குழாய்கள் ஒரு தாய்க்குழாயிற் சேர்கின்றன. தாய்க்குழாயில் உள்ள இடம் குறைவு. நிரம்பி வழியும் நிலையிலுள்ள கிளை அவ்விடத்துக்கு அதிக விலை கேட்கும். இன்னும் இடமுள்ள கிளை குறைந்த விலை கேட்டுச் சற்றுப் பொறுத்திருக்கும். விலையென்பது கணினிக்குள் நடைபெறும் கணக்கேயன்றி வேறன்று. அதிகம் கேட்ட கிளையின் கதவு திறக்கும். மற்றையது சிறிது மூடும். சில நிமிடங்களில் மீண்டும் ஏலம். திருநெல்வேலிச் சந்தையிற் கத்தரிக்காய் விற்பவர் எவரும் இதனை உடனே விளங்கிக்கொள்வர் என்று கருதுகின்றோம்.

பலன் கணக்கிலே தெரிந்தது. 2008ஆம் ஆண்டுக்கும் 2014ஆம் ஆண்டுக்கும் இடையில், ஆற்றில் வழிந்த கலப்புநீரின் அளவு நூற்றுக்கு எழுபது வீதம் குறைந்தது. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 100 கோடி கலன். மலத்தொற்றைக் காட்டும் ஈ. கோலி என்னும் பற்றீரியா ஆற்றுநீரில் ஏறக்குறையப் பாதியாயிற்று. 2021ஆம் ஆண்டில் உடன்படிக்கை திருத்தப்பட்டபோது, முன்பு வகுத்த பெருந்தொட்டிகளும் சுரங்கங்களும் அத்தனையும் வேண்டாமென்றாயின. நகரத்தாருக்கு 40 கோடி டொலருக்கு மேல் மீதமாயிற்று. இக்கணக்குகளை அப்படியே விழுங்குதலும் தகாது. மழை எல்லா ஆண்டிலும் ஒரே அளவிற் பெய்வதில்லை. நகரம் அதே காலத்திற் குழாய்த் திருத்த வேலைகளையும் செய்தது. ஆகவே நன்மை முழுவதையும் கருவிக்கே சூட்டிவிடுதல் நேர்மையாகாது. அவ்வாறு கழித்துப் பார்த்தாலும், உள்ள குழாயின் உண்மையான கொள்ளளவை அறிந்த பின்னரே புதியது கட்டவேண்டும் என்னும் நியாயம் அசையாமல் நிற்கின்றது.

இனி எமது கருத்துக்கு வருவோம். சவுத் பெண்ட் நகரின் கதையைக் கூறுவோர் பெரும்பாலும் கருவியைப் புகழ்கின்றனர். அக்கருவியின் பின்னால் நின்ற மூன்று பொருள்களை எவரும் விதந்து கூறுவதில்லை. ஆற்றில் விடுதலைக் குற்றமாக்கிய சட்டம் 1972ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் இருந்தது. அச்சட்டத்தைக்கொண்டு நகரத்தை நீதிமன்றத்துக்கு இழுக்க ஓர் அரசாங்கம் இருந்தது. உணரி கூவியவுடன் இரவென்றும் பகலென்றும் பாராது வண்டியெடுத்துப் புறப்படப் பணியாளர் இருந்தனர். இவை இல்லாத ஊரிலே அதே உணரிகளைப் பொருத்தினால், ஒருவரும் பாராத திரையில் எவர்க்கும் பயன்படாத எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். இவ்வகைத் திரைகளை எம் நாட்டு அலுவலகங்கள் சிலவற்றிலும் கண்டிருக்கின்றோம். திறப்புவிழாப் புகைப்படம் பக்கத்திலேயே மாட்டப்பட்டிருக்கும்.

இங்கிலாந்தின் அனுபவம் இதற்கு நல்ல சாட்சி. அங்கே 14,000க்கு மேற்பட்ட வழிவாயில்கள் உள்ளன. 2016ஆம் ஆண்டில் அவற்றிற் சில நூறுக்கே, வழியும் நேரத்தைக் குறிக்கும் கருவிகள் இருந்தன. 2023ஆம் ஆண்டின் இறுதியில் அனைத்துக்கும் பொருத்தி முடித்தனர். அவ்வாண்டின் கணக்கு: 464,056 தடவைகள் வழிந்தன, மொத்தம் 36 இலட்சம் மணித்தியாலம். அவ்வாண்டு மழை மிகுந்தது என்பதையும் சொல்லவேண்டும். கருவி பொருத்தியதால் ஆறு சுத்தமாயிற்றா? இல்லை. வழிதலை எண்ணும் கருவி ஒரு கதவையேனும் மூடமாட்டாது. ஆயினும் அக்கருவியாற் பெரியதொரு காரியம் நடந்தது. முன்பு சிலர் மாத்திரம் அறிந்திருந்ததை ஊர் முழுவதும் அறிந்தது. ஆற்றிற் குளிப்பவரும் தூண்டில் போடுவோரும் தாயாரும் கேள்வி கேட்கத் தொடங்கினர். வழிதல் தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் அதனைப் பொதுமக்களுக்கு அறிவித்தல்வேண்டும் என்ற கடப்பாடும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 1989ஆம் ஆண்டு முதல் அங்கே நீரும் கழிவுநீரும் தனியார் கம்பனிகளின் கையில். தனியார் கையில் இருப்பினும் அரசாங்கத்தின் கையில் இருப்பினும், அளவை மறைத்துவைத்தால் அளத்தல் வீணே. ஆதலின், எந்த ஊரிலேனும் இத்தகைய கருவி பொருத்தப்படுமாயின், அது சொல்வதை வரிகொடுப்போர் எவரும் காணக்கூடியதாயிருத்தல் வேண்டும் என்பதே எமது உறுதியான கொள்கை. கருவி வாங்கும் ஒப்பந்தத்திலேயே அதனை எழுதிவிடல் வேண்டும்.

கருவியும் பொய் சொல்லும் என்பதை மறத்தலாகாது. குழாய்க்குள் இருக்கும் சூழல் கொடியது. துணிக்கந்தை உணரியிற் சுற்றிக்கொண்டால், நீரில்லாத இடத்தில் நீர் உண்டென்னும். மலநீரிலிருந்து எழும் ஐதரசன் சல்பைட்டு வாயு, குழாயின் ஈரச் சுவரிற் பற்றீரியாக்களாற் சல்பூரிக்கமிலமாக மாறிக் கொன்கிறீற்றையே அரித்துவிடும். மெல்லிய கம்பிகள் எம்மாத்திரம்! மின்கலம் தீரும். எண்ணெய்ப் பிசுக்குப் படியும். இலண்டனில் வைற்சப்பல் என்னும் பகுதியில் 2017ஆம் ஆண்டிலே கண்டெடுத்த கொழுப்புக்கட்டி 250 மீற்றர் நீளமும் 130 தொன் நிறையும் உடையதாயிருந்தது. சமையலறைகளிலிருந்து ஊற்றிய எண்ணெயும் வீசிய துடைதாள்களும் சேர்ந்து இறுகியது அது. ஆகவே உணரியை வாங்கும் விலையைவிட, அதனை ஆண்டாண்டாகத் துடைத்துச் சரிபார்த்து வைத்திருக்கும் செலவையே முதலிற் கணக்கிடல் வேண்டும். வாங்குவதற்குக் கடன் கொடுப்பவர் உளர்; துடைப்பதற்குக் கடன் கொடுப்பவரை யாம் கேள்விப்பட்டதில்லை.

இன்னோர் ஆபத்தும் உண்டு. அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து மாநிலத்தில் மரூச்சி என்னும் பிரதேசத்தில் 142 கழிவுநீர் இறைப்பு நிலையங்களை வானலையால் இணைத்து ஆண்டுவந்தனர். அவ்வமைப்பைப் பொருத்திக்கொடுத்த நிறுவனத்தில் வேலைசெய்த ஒருவர் பின்பு பிரதேசசபையில் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் முற்பகுதியில் அவர் ஒரு கணினியையும் வானலைக் கருவியையும் தம் மோட்டார் வண்டியில் வைத்துக்கொண்டு, நிலையங்களுக்குப் பொய்க் கட்டளைகளை அனுப்பினார். இறைப்பிகள் நின்றன, எச்சரிக்கை மணிகள் ஒலிக்கவில்லை. ஏறக்குறைய 800,000 லீற்றர் மலநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் ஒரு விடுதியின் வளவிலும் பாய்ந்தது. பொறியியலாளர் நெடுநாள்வரை கருவிக்கோளாறென்றே எண்ணியிருந்தனர். 2001ஆம் ஆண்டில் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாத குழாயைக் கண்ணுக்குத் தெரியாத அலையால் ஆளும்போது, கைக்குத் திறக்கும் கதவொன்றும் அதனைத் திறக்கப் பழகிய மனிதர் சிலரும் அருகில் இருத்தல் நன்று.

மனிதரைப்பற்றிப் பேச்சு வந்தமையால், எமது நெஞ்சில் நெடுநாளாக இருப்பதையும் சொல்லிவிடுகின்றோம். ஐதரசன் சல்பைட்டு அழுகிய முட்டைபோல் நாறும் என்று இரசாயன வகுப்பிற் கற்றிருக்கின்றோம். சிறிதளவிலே அது நாறும். செறிவு ஓரளவைக் கடந்தால் அதே வாயு மூக்கின் மணமறியும் ஆற்றலை மழுங்கச் செய்துவிடும். குழிக்குள் இறங்கியவன் நாற்றம் போயிற்றென்று எண்ணும் அவ்விடத்தேதான் யமன் நிற்கின்றான். ஒருவன் மயங்கி வீழ, அவனைத் தூக்க இறங்கிய மற்றவனும் வீழ்கின்றான். இந்தியாவில் மனிதர் கையால் மலமள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013ஆம் ஆண்டில் வந்தது; குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபா கொடுத்தல் வேண்டுமென்று 2023ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. சட்டம் வந்த பின்பும் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் மரணங்கள் நிகழ்ந்தன. 2018ஆம் ஆண்டிலே திருவனந்தபுரத்தில், கேரளத்து இளம் பொறியியலாளர் சிலர் ஆக்கிய இயந்திரமொன்று மனிதனுக்குப் பதிலாகக் குழியில் இறங்கத் தொடங்கியது. அதற்குப் பண்டிக்கூட் என்று பெயரிட்டனர். பெருச்சாளி என்பது பொருள். விநாயகப் பெருமானின் வாகனத்துக்கு இதனினும் தக்க தொண்டு வேறில்லை. ஆற்றின் சுத்தத்துக்காகவும் பணத்தின் மிச்சத்துக்காகவும் நுண்கருவிகளை வரவேற்போர் வரவேற்க. யாம் முதலில் வரவேற்பது, குழியின் வாயிலிலே நின்று உள்ளே நஞ்சு உண்டென்று கூறி ஒரு மனிதனைத் தடுத்துநிறுத்தும் சிறிய வாயுவுணரியை.

எமது பட்டினத்து வாளிக் கக்கூசுகளை மூத்த பழைய மாணவர் மறந்திரார். விடியுமுன் பின்னொழுங்கையால் வந்து அவ்வாளிகளைச் சுமந்து சென்றவரின் பெயரை எவரும் கேட்டதில்லை. அவர்தம் பிள்ளைகளுக்கு நமது பாடசாலைகளின் வாயில்கள் எளிதிற் றிறந்தனவுமல்ல. வாளி போயிற்று, இன்று மலக்குழியும், அதனை உறிஞ்சிச் செல்லும் கலி பவுசரும் உள்ளன. வண்டியின் குழாயைப் பிடித்து நிற்பவர் பெரும்பாலும் அதே குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். புதிய கருவி வரும்போது, அதனை இயக்கவும் பழுதுபார்க்கவும் பயிலும் முதல் உரிமை அவர்களுக்கு உரியது என்று யாம் கூறினால், சிலருக்குக் கசக்கலாம். கசக்கட்டும்.

குடாநாட்டில் நகரம் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாயமைப்பு இன்மையால், இவ்வளவும் நமக்கு வேண்டாத பேச்சென்று வாசகர் நினைத்தல் கூடும். குழாய் இல்லையேயன்றிக் கழிவுநீர் இல்லாமலில்லை. நமது வீடுகளிற் பெரும்பாலானவை மலக்குழியையே நம்பியுள்ளன. குழியின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. நிலத்தில் விட்ட நீர் அதனூடே இறங்கிக் கிணற்றுநீரோடு கலக்கின்றது. இங்கிலாந்தின் ஆற்றுக்கு நேர்ந்தது இங்கே நமது நிலத்தடி நீருக்கு நேர்கின்றது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமை மிஞ்சலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அவ்வரம்பு மிஞ்சியிருத்தலை ஆய்வாளர் பன்முறை கண்டுள்ளனர். தோட்டங்களில் இடும் உரமும் வீடுகளின் மலக்குழியும் அதற்குக் காரணம். அந்நீரிற் கரைத்த பால்மாவைக் குடிக்கும் சிறு குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம்பாரித்தல் கூடும். தாளையடியில் 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நல்லது. குழாய்நீர் வீட்டுக்குள் வந்தால் நாம் அதிகம் செலவிடுவோம். செலவிட்டது மலக்குழிக்கும் முற்றத்துக்கும் போகும். உள்ளே வரும் நீருக்கு மானி வைத்துக் கணக்கெழுதுகின்றோம். வெளியே போகும் நீருக்கு ஒரு கணக்கும் இல்லை.

இங்கே சவுத் பெண்டின் கதவுகளுக்கு வேலையில்லை. அதன் முதற்பாடத்துக்கு வேலையுண்டு. கட்டுவதற்கு முன் அளக்கவேண்டும். எந்தக் கிணற்றில் எந்த மாதத்தில் எவ்வளவு நைத்திரேற்று, மழைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்னும் கணக்கு நமது கையில் இருந்தால், குழாயமைப்பு எப்பகுதிக்கு முதலில் வேண்டும் என்று அதிகாரிகளோடு வாதாடலாம். கணக்கில்லாதவன் வாதத்தை எவர் கேட்பர்?

விழா நிதியைக்கொண்டு முகப்பில் வளைவு கட்டலாம் என்றும், மண்டபத்துக்கு மாபிள் பதிக்கலாம் என்றும் சங்கத்திற் பேச்சு நடப்பதாக அறிகின்றோம். வளைவை யாம் வெறுக்கவில்லை. ஆயினும் அந்நிதியில் ஒரு சிறுபகுதியை இரசாயன ஆய்வுகூடத்துக்குத் தருமாறு பழைய மாணவரை வேண்டுகின்றோம். நைத்திரேற்றைக் காட்டும் தாட்கீற்றுக்கள், நீரின் உப்பளவை மின்கடத்தலால் அறியும் கைக்கருவி இரண்டு, தடித்த கொப்பி ஒன்று, இவ்வளவே வேண்டும். உயர்தர விஞ்ஞான வகுப்பு மாணவர் தத்தம் வீட்டுக் கிணற்றை மாதத்துக்கு ஒருமுறை அளந்து எழுதிவரட்டும். வெளிநாடுகளில் நீர்ப்பொறியியலிற் பணியாற்றும் எமது மாணவர் சிலர் உளர். கணக்கை எவ்வாறு ஒழுங்குபடுத்துவதென்று அவர்கள் சொல்லித்தரலாம். ஆண்டின் முடிவில் அக்கணக்கைக் கல்லூரி அறிவித்தற் பலகையிலே, யாவரும் காண ஒட்டிவிடவேண்டும். முதற் கிணறாக விடுதிச் சமையற்கூடத்தின் பின்னாலுள்ளதைக் கொள்ளுமாறு சொல்வோம். சென்ற வாரம் அதற்கும் மாணவர் மலக்குழிக்கும் இடையிலுள்ள தூரத்தை அடியால் அளந்து பார்த்தோம், முப்பதடிகூட இல்லை.